சாய்கிறதா, சிக்குகிறதா, அசையவே இல்லையா? வீட்டுத் தொங்கு சிற்பத்தைச் சரிசெய்யும் வழிமுறை

கம்பிகளின் முனைகளில் துண்டுகளைக் கட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு, காற்றில் சுற்றும்படி செய்கிற தொங்கு சிற்பத்தைத்தான் (ஆங்கிலத்தில் ‘மொபைல்’) இங்கே தொங்கல் என்கிறேன். பழுதுபார்க்க என் கைக்கு வருகிற தொங்கல்களில் பலவற்றுக்கு முதலில் வந்த கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யப் போய் வந்த கோளாறுதான் பெரிது. சாய்ந்தது தெரிந்ததும் எல்லாரும் உச்சிக் கம்பியில் கைவைத்துவிடுகிறார்கள். உச்சிக் கம்பி சுமப்பது கீழே உள்ள அத்தனை துண்டுகளின் எடையையும். கீழே ஒரு ஓலைப்பூ கனத்தால்கூட அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு கம்பியும் சரியும். அதனால் கீழ்க்கம்பியில் தொடங்குங்கள், அது நின்ற பிறகு அடுத்ததற்குப் போங்கள். இந்தக் கலையை உலகறியச் செய்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் இயந்திரப் பொறியியல் படித்தவர். அவர் செய்யும்போதே கடைசிச் சின்னத் துண்டில் ஆரம்பித்து மேலே மேலே கோத்துக்கொண்டு போவார். பழுதுபார்ப்பதற்கும் அதே வரிசைதான்.

கையில் வேண்டியவை: உருண்டை மூக்குக் குறடு, வெட்டும் குறடு, தங்கூசி நரம்பு (தூண்டிலுக்குப் போடும் நைலான் இழை), சின்ன வாஷர் சில, மாஸ்கிங் டேப், மெல்லிய பிரஷ், ஊதுபத்தி, தையல் மிஷின் எண்ணெய். ஏறி நிற்க ஆடாத மர ஸ்டூல் அல்லது ஏணி. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறவே வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் ஃபேனை நிறுத்திவிட்டு முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள். கழற்றியதைத் தரையில் குவிக்காதீர்கள். இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு இடையில் ஒரு கம்பைப் போட்டு அதில் தொங்கவிட்டு வேலை செய்தால் சிக்காது, குனியவும் வேண்டாம்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது

“அண்ணாச்சி, போன மாசம் வரைக்கும் நேராத்தான் நின்னுச்சு, இப்பம் சரிஞ்சு கெடக்கு” என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். முதலில் அது உண்மையிலேயே கோளாறா என்று பாருங்கள். சில தொங்கல்களைச் சரிவாக நிற்கும்படியே செய்திருப்பார்கள். வாங்கிய நாளில் எடுத்த படம் இருந்தால் ஒப்பிடுங்கள். அப்புறம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஐந்து நிமிடம் விடுங்கள். ஓய்ந்த பிறகு எந்தக் கம்பி சாய்ந்திருக்கிறது என்று கீழிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். முதலில் எது சாய்ந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

*தூசியும் ஒட்டடையுமா?* பிரஷால் மெல்லத் தட்டுங்கள். ஒரு கையில் துண்டைத் தாங்கிக்கொண்டு தட்ட வேண்டும். ஈரத்துணி ஓலைக்கும் கோரைக்கும் ஆகாது.

*உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா?* இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தூத்துக்குடிச் சங்கு, காருகுறிச்சிப் பக்கத்துச் சின்ன மண் கலயம், மூங்கில் குழல் என்று உள்ளே பொந்து உள்ள எதையும் குளவி விடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சங்கின் வாயில் மண் பூசியது போல ஒரு சின்ன மூடி இருக்கும், அவ்வளவுதான். அந்த மண் ஒரு கம்பியையே கவிழ்க்கப் போதும். குளவி போய்வருகிற கூடாக இருந்தால் சாயங்காலம் இருட்டிய பிறகு கழற்றி வெளியே வையுங்கள். காலிக் கூடு என்றால் ஊறவைத்து ஒரு குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவைத்துக் கட்டுங்கள். மண் கலயம் தண்ணீரைக் குடிக்கும். ஒருநாள் முழுக்க வெயிலில் காயாமல் மாட்டினால் வேறொரு சாய்வு வரும்.

*கம்பி தொங்கும் வளையம் நகர்ந்துவிட்டதா?* கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிய வளையம் என்றால் நகராது. நூலை வெறுமனே முடிச்சுப் போட்டிருந்தால் வழுக்கும். சாய்ந்து தாழ்ந்த பக்கத்தை நோக்கி முடிச்சை நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு நூல் கனம் நகர்த்தினால் போதும். கணக்கு வேண்டுமென்றால் இப்படி: 30 செ.மீ. கம்பியின் ஒரு முனையில் 20 கிராம், மறுமுனையில் 10 கிராம் என்றால் தொங்கும் இடம் கனமான முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி. எடையைத் தூரத்தால் பெருக்கினால் இரண்டு பக்கமும் 200. கம்பியின் சொந்த எடையால் இது கொஞ்சம் நடுப்பக்கமாக நகரும், அதைக் கையால் சரிபார்த்துக்கொள்ளலாம். இடம் கிடைத்ததும் ஒரு சொட்டுப் பசை வைத்து நிறுத்துங்கள்.

*ஓலை, கோரை, மரம் ஈரம் குடித்திருக்கிறதா?* ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்து, தையில் தானே நிமிர்ந்தால் காரணம் ஈரம்தான். மணப்பாட்டுப் பனையோலைப் பூவும் பத்தமடைக் கோரையில் வெட்டிய இலையும் மழைக்காலத்தில் கனக்கும், கோடையில் இலேசாகும். எதிர்முனையில் தகடோ கண்ணாடியோ இருந்தால் அது மாறாது, அதனால்தான் சாய்வு. இதற்காக வளையத்தை நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் தை பிறந்ததும் மறுபக்கம் சாயும். இலேசான முனையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு சின்ன வாஷரை ஒட்டுங்கள். மழை ஓய்ந்ததும் எடுத்துவிடலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரே கம்பியின் இரண்டு முனையிலும் ஒரே வகைப் பொருளைக் கட்டுங்கள். இரண்டும் சேர்ந்து கனக்கும், சேர்ந்து காயும்.

*கம்பி வளைந்துவிட்டதா?* கண்மட்டத்தில் பிடித்து நுனியிலிருந்து பாருங்கள். கட்டுக்கம்பியில் செய்திருந்தால் மறுபடி மறுபடி வளையும், நிமிர்த்துவதில் பயனில்லை. அதே நீளத்துக்கு சைக்கிள் போக்ஸ் கம்பியையோ 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியையோ வெட்டி மாற்றுங்கள். புதுக் கம்பி கனம் என்பதால் அதற்கு மேலே உள்ள கம்பிகளையும் வரிசையாகச் சரிபார்க்க வேண்டும்.

*எப்போது கொடுத்துவிடலாம்?* பித்தளைத் தகடோ கண்ணாடித் துண்டோ உடைந்துபோய், எடை தெரியாமல் இருந்தால், செய்தவரிடமே கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் மிஞ்சிய துண்டுகளோடும் பழைய படத்தோடும் பாத்திரப் பட்டறைக்குப் போனால் அதே கனத் தகட்டில் வெட்டித் தருவார்கள்.

அசையவே மாட்டேன் என்கிறது

தொங்கலை விட்டுவிட்டு முதலில் அறையைப் பாருங்கள். அந்த இடத்தில் ஊதுபத்தியை ஏற்றிப் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே காற்றே இல்லை, தொங்கலில் குறையும் இல்லை. பட்டாசாலையின் (வீட்டுக் கூடத்தின்) மூலையில் தொங்குவதைத் தார்சா (முன் தாழ்வாரம்) வாசலுக்கும் பின்கட்டு வாசலுக்கும் நேர்கோட்டில் கொண்டுவந்து பாருங்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் காற்று அந்த நேர்கோட்டில்தான் ஓடும். மாடிப்படி ஏறும் இடமும் நல்லது. சூடான காற்று அதன் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

புகை வளைந்து போகிறது, தொங்கல் மட்டும் நிற்கிறது என்றால் தொங்கலில்தான் தடை. விரலால் இலேசாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

*தள்ளியதும் திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்கிறதா?* நூல் தடிமன். முறுக்கிய சணலும் பருத்தி நூலும் தன் முறுக்குக்கே திரும்பும். மேலே ஒரு தூண்டில் சுழலியை (இரு முனையும் தனித்தனியே சுற்றும் சின்ன உலோக இணைப்பை) சேருங்கள். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்குக் கீழே மெல்லிய தங்கூசி நரம்பைக் கட்டுங்கள்.

*தள்ளியதும் இடையில் திக்கி நிற்கிறதா?* வளையத்துக்குள் பெயின்ட் அல்லது துரு. நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளால்) உள்பக்கத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். சுவரிலோ திரைச்சீலையிலோ உரசுகிறதா என்றும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

*தள்ளினால் ஊஞ்சல் போல ஆடுகிறது, ஆனால் சுற்றவில்லையா?* துண்டுகள் கனம், பரப்புக் குறைவு. மண்மணிகளும் மரச்சொப்பும் மட்டும் தொங்கினால் காற்றுக்குப் பிடிப்பு இல்லை. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு முனையிலாவது அகலமான ஓலையோ மெல்லிய தகடோ இருக்க வேண்டும்.

நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன

நம் பக்கத்து ஊர்களில் ஆனி, ஆடியில் வருகிற குறைகளில் இதுதான் முதலிடம். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற காற்றுதான் கயத்தாறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. நான்கு ஓலைப்பூ அதற்கு எம்மாத்திரம்.

*ஆடிக் காற்றில் மட்டும் சிக்குகிறதா?* காற்று வரும் பக்கத்து ஜன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். மாற்ற இடம் இல்லையென்றால் புரட்டாசி வரை கழற்றி வைப்பதுதான் சரி. கட்டிவைத்தே தீருவேன் என்று கம்பிகளை நூலால் இறுக்கிக் கட்டினால் கம்பி வளைந்து, முதல் கோளாறு வந்து சேரும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலும் சேர்ந்து அடிப்பதால் ஓலைத் தொங்கலைத் திறந்த தார்சாவில் அந்த மாதங்களில் விடவே வேண்டாம்.

*ஃபேன் போட்டால் மட்டும் சிக்குகிறதா?* சாதாரண 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும். அந்த இறக்கை நுனியிலிருந்து குறைந்தது நான்கடி தள்ளித் தொங்கல் இருக்கட்டும். ஃபேன் கொக்கியிலோ அதன் குழாயிலோ எதையும் கட்டக்கூடாது. நூல் இறக்கையில் சுற்றினால் துண்டுகள் அறை முழுக்கத் தெறிக்கும்.

*மெல்லிய காற்றிலும் சிக்குகிறதா?* அளவுகளில் பிழை. ஒவ்வொரு கம்பியையும் கையால் முழு வட்டம் சுற்றுங்கள். பக்கத்து நூலைத் தொடுகிற கம்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மட்டத்தில் இரண்டு கம்பிகள் சுற்றி மோதினால் ஒன்றின் நூலைக் குறைத்து மேலே ஏற்றுங்கள். ஏற்றிய கம்பியின் நீளமான கை மற்றதன் நூலைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும், அதில் தொங்கும் துண்டுகள் கீழ்க்கம்பிக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். நூலின் நீளத்தை மாற்றினால் சமநிலை கெடாது, அதனால் பயப்படாமல் செய்யலாம்.

ஏற்கெனவே சிக்கியதைப் பிரிக்க: மேலே பிடித்து உதறக்கூடாது. பாயில் படுக்கவைத்து, சிக்கின் மேல் முகப் பவுடரைத் தூவி, வெளிவட்டத்து இழையிலிருந்து தளர்த்திக்கொண்டு உள்ளே போங்கள். மூன்று நூல்களுக்கு மேல் பின்னிக்கொண்டிருந்தால் நூலை வெட்டிவிடுங்கள். நூல் போனால் நூலோடு போகும், இழுத்துக் கம்பி வளைந்தால் முழுத் தொங்கலையும் மறுபடி நிறுத்த வேண்டும்.

புதிதாகக் கட்டும்போது நரம்பை வளையத்துக்குள் விட்டு, அதே நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை வளையத்தை ஒட்டி உருவாகும் கண்ணுக்குள் நுழையுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். உலர்ந்தபடியே இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்தில் பலமிழந்துவிடும். மெல்ல இழுத்தால் ஐந்து சுற்றும் அடுக்கடுக்காகப் படிந்து உட்காருவது கண்ணுக்குத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் அவிழ்த்து மறுபடி போடுங்கள்.

சத்தம் போடுகிறது

இரவில் கிறீச்சென்றால் மேல்கொக்கியும் வளையமும் உரசுகின்றன. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அல்லது மெழுகுவர்த்தியால் ஒரு தேய்ப்பு. தேங்காய் எண்ணெய் வைத்தால் தூசி பிடித்துப் பிசுக்கேறி, அப்புறம் சுற்றாமலே போகும். சங்குகள் மோதும் டக் டக் சத்தம் என்றால் மேலே சிக்குக்குச் சொன்ன அதே வேலைதான்.

துரு பிடிக்கிறது, நூல் அறுந்து விழுகிறது

திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று சாதாரண இரும்புக் கம்பியை விடாது.

*மேலாகப் பழுப்பு மட்டும் தெரிகிறதா?* நீர்த்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் ஒரு கோட், பெயின்ட் ஒரு கோட். வளையத்தின் உள்பக்கத்தில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அடித்த பெயின்டுக்கும் எடை உண்டு, காய்ந்த பிறகு சமநிலையைப் பாருங்கள்.

*வளையத்தில் மட்டும் அரித்துக் குழிந்திருக்கிறதா?* பித்தளையும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். உப்பு ஈரத்தில் அந்த ஜோடியில் இரும்பு வேகமாக அரிபடும். இடையில் ஒரு நரம்புக் கண்ணியைக் கட்டிப் பிரித்துவிடுங்கள், அல்லது இரும்பை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

*நூல் அறுகிறதா?* பருத்தி நூல் என்றால் இற்றுப்போயிருக்கும். நரம்பு என்றால் வெயில் படும் இடமா என்று பாருங்கள். நகத்தால் மடக்கும்போது வெள்ளைக் கோடு விழுந்து முறிகிற நரம்பு வெயிலில் கெட்டுப்போனது. ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள், எல்லாம் ஒரே வயதுதான்.

குழந்தைத் தொட்டிலுக்கோ கட்டிலுக்கோ மேலே தொங்கும் எதற்கும் இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மணி, சங்கு, சின்னத் துண்டுகள் வேண்டாம். குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கினாலோ, ஐந்து மாதம் ஆனாலோ, எது முந்துகிறதோ அன்றைக்கே கழற்றிவிடுங்கள். நீள நூல் கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்டு.

மேலே கொக்கியே ஆடுகிறது, காரை உதிர்கிறது

தொங்கலை உடனே இறக்குங்கள். காரணம் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

*ஓட்டு வீடா?* ஓடுகளுக்கு அடியில் ஓடும் மெல்லிய சட்டமான ரீப்பரில் மாட்டியிருந்தால் அது தாங்காது. கைமரத்துக்கோ உத்தரத்துக்கோ மாற்றுங்கள்.

*மரக்கட்டை அடுக்கிய பழைய மச்சா?* கட்டைகளுக்கு இடையில் உள்ள செங்கல், சுண்ணாம்பில் துளை போடாதீர்கள், உதிர்ந்துகொண்டே இருக்கும். கட்டையிலேயே முதலில் சின்னத் துளை போட்டு, திருகு கொக்கியை ஏற்றுங்கள். அதற்கு முன் கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்தால் நல்லது. தொப்பென்று வந்தாலோ, மண் கோடு தெரிந்தாலோ, கரையான். ஆசாரியைக் கூப்பிடுங்கள், கொக்கி வேலையை ஒத்திப்போடுங்கள். பாரம் தாங்கும் கட்டை அது.

*கான்கிரீட் கூரையா?* கொக்கிக்காகத் துளையில் செருகிய பிளாஸ்டிக் பிளக் பூச்சில் மட்டும் நின்றால் விழத்தான் செய்யும். கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அரைக்கிலோவுக்கு மேல் உள்ள தொங்கலுக்கு விரிந்து பிடிக்கும் உலோக ஆங்கர் கொக்கியே என் தேர்வு. துளை போடும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தட்டினால் வலுக்கட்டாயமாக இறக்காமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவருக்கும் ஃபேன் பெட்டிக்கும் இடையில் கூரைக்குள் ஒயர் குழாய் போகும். அந்த வழியில் துளையே வேண்டாம். வழி தெரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

*ஜிப்சம் பலகைக் கூரையா?* ஓலைத் தொங்கல் தவிர வேறெதையும் பலகையில் மாட்டாதீர்கள். மேலே உள்ள கான்கிரீட்டிலிருந்து கம்பியை இறக்க வேண்டும். அது பலகை வேலை தெரிந்தவர் செய்யும் வேலை.

புதுக் கொக்கி போட்டதும் சோதனை: தொங்கலின் எடையைப் போல ஐந்து மடங்கு. தொங்கல் ஒரு கிலோ என்றால் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை ஒரு நாள் முழுக்க அதில் தொங்கவிடுங்கள். கீழே யாரும் படுக்கவோ நடமாடவோ கூடாது. கொக்கியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவைத்தால் நகர்ந்ததா என்பது மறுநாள் தெரிந்துவிடும். வீட்டில் பழைய தொட்டில் கொக்கியோ ஊஞ்சல் கொக்கியோ சும்மா இருந்தால் புதுத் துளையே வேண்டாம், அதிலேயே மாட்டலாம்.

கான்கிரீட் கூரையில் காரை உப்பியிருக்கிறது, பழுப்புக் கறை ஓடுகிறது, கம்பி வெளியே தெரிகிறது என்றால் கொக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உள்ளே இரும்பு துருப்பிடித்து விரிந்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே பூசி மறைக்கச் சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிடுவது போதாது. கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அவர் பார்த்துச் சொல்லும் வரை அந்த அறைக் கூரையில் தொங்கலும் வேண்டாம், புதுத் துளையும் வேண்டாம். அதுவரை ஜன்னல் நிலைக்கு மேலே சுவரில் ஒரு தாங்குகட்டையை அடித்து அதில் மாட்டிக்கொள்ளலாம்.